அத்திப்பள்ளி தாண்டும் முன் ஃபாதரைக் கூப்பிடுங்கள்

ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கம் நோய் கைமீறினால் வண்டி பெங்களூருக்குத்தான் திரும்பும். நிமான்ஸ், கிட்வாய், செயின்ட் ஜான்ஸ் மருத்துவமனைகள் எல்லாம் அத்திப்பள்ளி எல்லைக்கு அந்தப் பக்கம். காப்பீட்டு அட்டை, ஸ்கேன் ஃபைல், மாற்றுத்துணி, அவசரத்துக்குப் புரட்டிய பணம் எல்லாவற்றையும் எடுத்துக்கொள்கிற கத்தோலிக்கக் குடும்பம், குரு எண்ணெய் பூசிச் செபிக்கும் நோயில்பூசுதலை மட்டும் மறந்துவிடுகிறது. மறதி என்பதைவிடப் பயம் என்பதே சரி. ஃபாதர் வாசலில் வந்து நின்றால் அப்பா நம்பிக்கை இழந்துவிடுவார் என்று பிள்ளைகள் தயங்குகிறார்கள்.

நோயில்பூசுதலை அவஸ்தைப்பூசுதல் என்று சொல்லி வளர்ந்த தலைமுறையின் பயம் அது. சாகும் தறுவாயில் இருப்பவருக்கு மட்டுமானதல்ல இது என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இலேயே சொல்லிவிட்டது. 1972இல் திருத்தந்தை ஆறாம் பவுல் சடங்கு முறையையும் மாற்றினார். கடும் நோய்க்காகப் பெரிய ஆபரேஷன் செய்துகொள்ளப் போகிறவரும், முதுமையால் தளர்ந்தவரும் பெறலாம். குணமாகி மறுபடி விழுந்தால் மறுபடியும் பெறலாம்.

தாமதத்தில் இழப்பது என்ன என்று யாரும் நினைப்பதில்லை. நினைவிழந்தவருக்கும் பூசலாம்தான். ஆனால் அவரால் பாவசங்கீர்த்தனம் செய்ய முடியாது. வாயில் குழாய் போட்டபின் நற்கருணை வாங்கவும் வழியில்லை. உயிர் பிரிந்தபின் பூசுதலே கிடையாது, செபம் மட்டும்தான். மனம் திறந்து பேசக்கூடிய கடைசி சில மணி நேரங்களை ஆம்புலன்ஸில் தொலைத்துவிட்டு, ஐசியூ வாசலில் நின்று பெங்களூரில் குருவைத் தேடுகிறோம். எந்தக் குருவும் பூசலாம், மறுப்பில்லை. ஆனாலும் முகம் தெரிந்த பங்குத்தந்தையிடம் தன் தமிழில் பேசுவது நோயாளிக்கு எவ்வளவு பெரிய ஆறுதல்! நோயாளி மிரண்டுவிடுவார் என்கிற வாதத்தைத் தள்ளிவிட முடியாது. ஆனால் அந்த மிரட்சியே நாம் தாமதித்துப் பழக்கியதால் வந்தது.

குடும்பத்தோடு இருப்பவர்களுக்கே இந்த நிலை என்றால், ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டையைச் சுற்றியுள்ள வாடகை அறைகளை நினைத்தால் நெஞ்சு பதறுகிறது. தென்மாவட்டங்களிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வேலைக்கு வந்த பிள்ளைகளில் பலருக்கு இங்கே பங்கு அட்டை இல்லை. ஞாயிற்றுக்கிழமையும் ஷிஃப்ட். ஒருவன் காய்ச்சல் முற்றிக் கிடந்தால் அறைத்தோழன் சூப்பர்வைசருக்குச் சொல்வான், ஊருக்குச் சொல்வான். பங்குத்தந்தைக்கு யார் சொல்வது? அந்த அறைத்தோழன் கத்தோலிக்கனாகவே இல்லாமல் இருக்கலாம். நோயாளிக்கு நெருக்கமானவர்களும் உரிய நேரத்தில் இதைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்கிறது திருச்சபைச் சட்டம். நெருக்கமானவர் ஐந்நூறு கிலோமீட்டர் தள்ளி இருந்தால்?

பங்குக் குடும்பங்கள் கூடும் அன்பியக் கூட்டங்கள் சொந்த வீடுகளோடு நின்றுவிடாமல் இந்த அறைகளின் கதவையும் தட்ட வேண்டும். பெயர், ஊர், பங்கு என்று மூன்று வரி எழுதி வாங்கினால் போதும். பங்குத்தந்தையின் எண்ணை அறைத்தோழன் கையிலும் கொடுத்துவிட வேண்டும். பிப்ரவரி 11, உலக நோயாளர் நாளன்று பொதுவாக நோயில்பூசுதல் கொடுக்கும் பங்குகள், அந்தத் திருப்பலியை இரண்டாம் ஷிஃப்ட் போகிறவர்களும் வந்து சேரும்படி காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று வைக்கலாம்.