பனியன் வேஸ்டுக்கு கிலோ கணக்கில் காசு! வீட்டுக் குப்பைக்கு மட்டும் பாறைக்குழியா?

போனைத் தட்டினால் வண்டி வரும். பிரித்து வைப்பது யார்?

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் கட்டிங் மேஜைக்கு அடியில் விழும் துண்டுத் துணியை யாரும் குப்பை என்று சொல்வதில்லை. அதற்குப் பெயர் 'வேஸ்ட்'. அதற்கு விலை உண்டு.

வெள்ளை தனி மூட்டை. கலர் தனி மூட்டை. வெள்ளைக்கு ஒரு ரேட்டு, கலருக்கு ஒரு ரேட்டு. இரண்டையும் கலந்து கட்டினால் வியாபாரி முகத்தைச் சுளிப்பார். "என்னங்க இப்படிக் கலந்து வச்சிருக்கீங்க?" என்று ரேட்டைக் குறைத்து விடுவார்.

நல்ல துண்டுகள் ஒர்க்ஷாப்பில் எண்ணெய் துடைக்கப் போகின்றன. மற்றவை மில்லுக்குப் போய், கிழிபட்டு மறுபடி பஞ்சாகி, நூலாகி, போர்வையாகவும் மிதியடியாகவும் திரும்பி வருகின்றன.

பக்கத்திலேயே அனுப்பர்பாளையம். பாத்திரத் தொழிலுக்குப் பேர் போன ஊர். பழைய பித்தளை, செம்பு எதுவும் அங்கே வீண் போகாது. உருக்கினால் மறுபடி குடம், அண்டா!

ஆக, வேண்டாத பொருளைக் காசாக்கும் வித்தையைத் திருப்பூருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் அதே ஊரின் வீட்டுக் குப்பை மட்டும் ஏன் சந்தி சிரிக்கிறது?

லாரியை மறித்த மக்கள்

கல் வெட்டி எடுத்த பின் கைவிடப்பட்ட பாறைக்குழிகள்தான் திருப்பூர் மாநகராட்சியின் குப்பைக்குப் போக்கிடமாக இருந்து வந்தன. கிணற்றுத் தண்ணீர் கெடுகிறது, நாற்றம் தாங்கவில்லை என்று சுற்றுவட்டார கிராம மக்கள் கொதித்தார்கள்.

2025ஆம் ஆண்டில் முதலிபாளையம், இடுவாய் பகுதிகளில் போராட்டம் வெடித்தது. லாரிகள் மறிக்கப்பட்டன. கொட்ட இடம் இல்லாமல் நகரத் தெருக்களில் குப்பை மலை போல் தேங்கியது.

குழிக்குப் போன குப்பையில் பாதி, குழிக்குப் போக வேண்டிய சரக்கே அல்ல. காய்கறித் தோலும் மீந்த சோறும் உரமாகும். பேப்பர், அட்டை, பாட்டில், தகரம் ஆகியவை பழைய இரும்புக் கடைக்குப் போகும். இரண்டையும் ஒரே கவரில் போட்டு முடிச்சுப் போட்டால் சோறும் கெட்டது, பேப்பரும் கெட்டது!

செல்போனில் காயலான் கடை

"பழைய இரும்பு... பேப்பர்... பிளாஸ்டிக்கேய்!" என்ற தெருக்குரலை செல்போனுக்குள் கொண்டு வர முடியுமா? இந்தியாவில் பல ஊர்களில் முயன்று பார்த்திருக்கிறார்கள்.

மத்தியப் பிரதேசம் போபாலில் 2014ஆம் ஆண்டு 'கபாடிவாலா' என்ற பெயரில் ஒன்று தொடங்கியது. என்ன பொருள், எந்தத் தேதி என்று பதிவு செய்தால் ஆள் வருவார், எடை போடுவார், காசு கொடுப்பார்.

சென்னையில் 'கபாடிவாலா கனெக்ட்' என்ற அமைப்பினர் வேறு வழியில் போனார்கள். தெருத் தெருவாகக் காயலான் கடைகளைத் தேடி, வரைபடத்தில் குறித்தார்கள். "புதிதாக ஆள் எதற்கு? கடைக்காரர் ஏற்கெனவே இருக்கிறாரே!" என்பதே அவர்கள் கணக்கு.

2020இல் பெருநகர சென்னை மாநகராட்சியே 'மெட்ராஸ் வேஸ்ட் எக்ஸ்சேஞ்ச்' என்ற இணையச் சந்தையைத் திறந்தது. குப்பையை விற்பவரும் வாங்குபவரும் ஒரே இடத்தில் சந்திக்க ஏற்பாடு. அதற்கு செல்போன் செயலியும் வந்தது.

கேரளத்தில் கதவுக்குக் கதவு முத்திரை

எல்லையைத் தாண்டினால் கேரளம். அங்கே 'ஹரித கர்ம சேனை' என்ற பெண்கள் படை, முப்பதாயிரம் பேருக்கு மேல், வீடு வீடாகப் போகிறது. கழுவிக் காய வைத்த பிளாஸ்டிக்கை வாங்குகிறது. அதற்கு வீட்டுக்காரர்தான் மாதக் கட்டணம் கொடுக்க வேண்டும்.

அவர்களுக்காக அரசு நிறுவனமான கெல்ட்ரான் செய்து கொடுத்த செயலி 'ஹரித மித்ரம்'. வீட்டு வாசலில் ஒரு கியூ.ஆர். முத்திரை. அதைப் போனில் காட்டியதும், அந்த வீடு குப்பை கொடுத்ததா, பணம் கட்டியதா என்ற கணக்கு பதிவாகி விடும். 'நீ வரலை', 'நான் வந்தேன்' என்ற சண்டைக்கு இடமே இல்லை!

இந்தப் பெண்களில் 11 பேர், மலப்புரம் மாவட்டம் பரப்பனங்காடியைச் சேர்ந்தவர்கள். 2023இல் ஆளுக்குக் கொஞ்சம் காசு போட்டு 250 ரூபாய்க்கு ஒரு பம்பர் லாட்டரிச் சீட்டு வாங்கினார்கள். விழுந்தது 10 கோடி ரூபாய்! ஊரே வாயைப் பிளந்தது.

அதிர்ஷ்டம் லாட்டரியில் வந்தது. ஆனால் தெரு சுத்தமானது அவர்கள் நடந்த நடையால்தான். செயலி கணக்கு எழுதும், மூட்டையைத் தூக்காது.

திருப்பூருக்கு எப்படி?

இப்படி ஒரு செயலியைத் திருப்பூரில் செய்ய நினைப்பவர்கள் முதலில் கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். காலை எட்டரைக்குக் கம்பெனிக்குள் நுழைகிறவர், ஒன்றரை ஷிப்டு முடித்துத் திரும்பும்போது இரவு எட்டு மணி. குப்பை வண்டி பகலில் வந்தால் லைன் வீட்டில் பூட்டுத்தான் தொங்கும். கவர் சாக்கடை ஓரம் போகும்.

'வண்டி உங்கள் சந்துக்குப் பத்து நிமிடத்தில் வருகிறது' என்று போன் மணி அடித்தால் பாதித் தொல்லை தீரும். ஞாயிற்றுக்கிழமை லீவு நாளில் தெருவுக்கு ஒரு நேரம் குறித்தால் மீதியும் தீரும்.

அடுத்து மொழி. ஒடிசா, பீகார், வங்காளம் என்று பல மாநிலத் தொழிலாளர்கள் இங்கே குடியிருக்கிறார்கள். தமிழில் மட்டும் எழுதினால் பாதிப் பேருக்குப் புரியாது. தோல் படம், பாட்டில் படம், பல்பு படம் என்று போட்டால் எல்லாருக்கும் விளங்கும்.

மூன்றாவது, பெட்ரோல் கணக்கு. ஒரு வீட்டின் நாலு கிலோ பேப்பருக்காக ஒருவர் வண்டி எடுத்து வந்தால் கட்டுப்படியாகாது. இருபது வீடு சேர்ந்து ஒரே நாளில் போட்டால் அவருக்கும் லாபம், வீட்டுக்கும் நாலு காசு. யார் யார் வைத்திருக்கிறார்கள் என்று சேர்த்துச் சொல்வதுதான் செயலி செய்யக்கூடிய உருப்படியான வேலை.

நான்காவது, எடை. அன்றைய ரேட்டு போனில் தெரிய வேண்டும். தராசு சரியாக இருக்க வேண்டும். ஒரு தடவை ஏமாந்த அம்மிணி மறு தடவை கதவைத் திறப்பாரா?

கடைசியாக, யாரும் வாங்காத சரக்கு. பிஸ்கட் கவர், சிப்ஸ் பாக்கெட் போன்றவற்றுக்குப் பழைய இரும்புக் கடையில் விலை கிடையாது. அவற்றை மாநகராட்சிதான் எடுத்தாக வேண்டும். எடுக்கும் தூய்மைப் பணியாளருக்குக் கூலியும் கையுறையும் ஒழுங்காகக் கிடைத்தாக வேண்டும்.

நாலு பிரிவு

சட்டமும் இறுகி வருகிறது. 2016ஆம் ஆண்டு விதிகள் குப்பையை மூன்றாகப் பிரிக்கச் சொல்லின. 2026 ஜனவரியில் மத்திய அரசு வெளியிட்ட புதிய விதிகள் நாலாகப் பிரிக்கச் சொல்லி, ஏப்ரல் 1 என்று தேதியும் குறித்தன.

ஈரக் குப்பை ஒன்று. உலர்ந்த குப்பை ஒன்று. நாப்கின், டயப்பர் ஒன்று. பழைய மாத்திரை, பல்பு, பெயிண்ட் டப்பா ஒன்று. நாலையும் பிரிக்கும் செயலி இன்னும் பிறக்கவில்லை. அது அடுப்படியில் நிற்கும் கையால் மட்டுமே ஆகிற காரியம். அந்தக் கை வீட்டு அம்மாவின் கையாகவே இருக்க வேண்டும் என்பதும் இல்லை!

கம்பெனியில் வெள்ளையையும் கலரையும் கண்ணை மூடிக்கொண்டு பிரிக்கிற ஊர் இது. கலந்தால் ரேட்டு போய்விடும் என்று அங்கே தெரிகிறது. வீட்டில் கலந்தால் போவது முதலிபாளையத்துக் கிணற்றுத் தண்ணீர்.

இன்று இரவு குப்பைக் கவரை முடிச்சுப் போடும் முன், இன்னொரு கவரை எடுங்கள். செயலி வரும்போது வரட்டும்!