ஓவியத்தில் பாயும் புலி: வில்லன் யார்?

காட்டுக்குள்ளிருந்து புலி பாயுது. நில அளவைக் கருவி சரியுது. மனிதர்கள் சிதறி விழுறாங்க. சிங்கப்பூர் தேசியக் கலைக்கூடத்தில் இருக்கும் இந்த மரச்செதுக்கு அச்சுப்படத்தைப் பார்த்திருக்கீங்களா?

சம்பவம் நடந்தது 1835இல். சாலைக்காக நிலம் அளந்தவர் கட்டடக் கலைஞர் ஜார்ஜ் கோல்மன். உடனிருந்தவர்கள் இந்தியக் கைதிகள். யாருக்கும் காயமில்லை, கருவிதான் உடைந்தது.

ஜெர்மானிய ஓவியர் ஹைன்ரிக் லாய்ட்டமன் அதை வரைந்தது சுமார் 30 ஆண்டுகள் கழித்து! அதனால் புகைப்படம் மாதிரி அப்படியே நம்பிடாதீங்க.

படத்தின் தலைப்பு, சாலை அளவைப் பணி குறுக்கிடப்பட்டதாகச் சொல்கிறது. ஆனால் மிளகு, கேம்பியர் தோட்டங்களுக்காகப் புலியின் காட்டை அழித்தவர்கள் மனிதர்கள். 1930இல் இங்கு கடைசிக் காட்டுப்புலியும் சுடப்பட்டது.

இப்போ நீங்களே சொல்லுங்க, குறுக்கே வந்தது யார்?