ஒரு வருமானம், மூன்று மேசை

2002 ஜனவரியில் பிரிட்டன் ‘ஹைலி ஸ்கில்டு மைக்ரன்ட் புரோகிராம்’ என்ற விசாத் திட்டத்தைத் தொடங்கியது. படிப்புக்கு இத்தனை, அனுபவத்துக்கு இத்தனை, ஊரில் வாங்கிய சம்பளத்துக்கு இத்தனை என்று மதிப்பெண். கூட்டிப் பார்த்துத் தேறினால் விசா. வேலை தருவதாக எந்தக் கம்பெனியும் கடிதம் கொடுக்க வேண்டியதில்லை. போய் இறங்கியவர் சம்பளத்துக்குச் சேரலாம், சொந்தமாகத் தொழில் பார்க்கலாம், ஒன்றை விட்டு இன்னொன்றுக்கு மாறலாம். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். எச்எஸ்எம்பி என்றால் என்ன என்று அந்நாளில் சென்னை, கோவை கம்ப்யூட்டர்காரர்களுக்கு விளக்கத் தேவையில்லை.

அப்படிப் போனவர்களில் பலர் லண்டனில் காண்ட்ராக்ட்டர் ஆனார்கள். ஒரே ஆள் உள்ள லிமிடெட் கம்பெனி. டைரக்டரும் அவரே, வேலையாளும் அவரே. வங்கிக்கோ டெலிபோன் கம்பெனிக்கோ நாள் கூலியில் வேலை, மாதக் கடைசியில் இன்வாய்ஸ். தனக்கென்று சிறு சம்பளம் வைத்துக்கொண்டு மிச்சத்தை டிவிடெண்டாக எடுத்தால் வரி குறையும். நடைமுறையில் ஊழியராக இருந்துகொண்டு கம்பெனி வேஷம் போடுகிறவர்களைப் பிடிக்க 2000 ஏப்ரலிலேயே ஐஆர்35 என்ற விதி வந்துவிட்டது. ஆனால் அது தனக்குப் பொருந்துமா என்று தீர்மானிப்பதை அந்தக் காண்ட்ராக்ட்டரின் கம்பெனியிடமே விட்டிருந்தார்கள். பொருந்தாது என்று எத்தனை பேர் முடிவெடுத்திருப்பார்கள் என்பதை ஊகிக்கச் சிரமமில்லை.

வீட்டுக்கடனிலும் அதே போக்குத்தான். ‘செல்ஃப் சர்ட்’ என்று ஒரு வகைக் கடன் இருந்தது. ஆண்டு வருமானம் எவ்வளவு என்று கேட்கும் கட்டத்தில் ஒரு தொகையை எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும். சம்பளச் சீட்டு வேண்டாம், வரிக் கணக்கு வேண்டாம். வட்டி மட்டும் கொஞ்சம் கூட. மாதச் சம்பளம் இல்லாத சுயதொழில்காரருக்காகவே கண்டுபிடித்த ஏற்பாடு இது. நோக்கம் நல்லது. போகப் போகச் சம்பளக்காரர்களும் தங்கள் தகுதிக்கு மீறிய வீட்டை வாங்க அதே படிவத்தை நிரப்பினார்கள். தரகர்கள் எந்தத் தொகையை எழுதினால் தேறும் என்று சொல்லிக்கொடுத்தார்கள். பின்னாளில் பத்திரிகைகள் அதற்குப் பொய்யர் கடன் என்றே பேர் வைத்தன.

ஆக, விசா, வரி, வீடு மூன்றிலும் சுயதொழில்காரருக்குத் தாராளம் இருந்த காலம் அது. அதைப் பொற்காலம் என்று சொல்லிவிட எனக்கு மனம் வரவில்லை. 2007 செப்டம்பரில் நார்தர்ன் ராக் வங்கியின் வாசலில் பணம் எடுக்க வரிசை நின்றது. செல்ஃப் சர்ட் கடன்களில் பேர்போன பிராட்ஃபோர்டு அண்ட் பிங்லி வங்கியின் கடன்களை 2008 செப்டம்பரில் அரசே ஏற்க வேண்டியதாயிற்று. 2014 ஏப்ரல் 26 முதல் வருமானத்தைச் சரிபார்க்காமல் யாருக்கும் வீட்டுக்கடன் தரக் கூடாது என்று விதி வந்தது. இந்தக் கதவை அடைத்தது சரி. நஷ்டப்பட்டது, உண்மையான வருமானத்தை உண்மையாக எழுதிய சுயதொழில்காரர்தான்.

இன்று அவர் வங்கிக்குப் போனால் முதலில் கேட்பது எஸ்ஏ302. வரித்துறைக்குக் கொடுத்த கணக்கின் சுருக்கம் அது. சாதாரணமாக இரண்டு ஆண்டுக்கு, சில வங்கிகள் மூன்று ஆண்டுக்குக் கேட்கும். அங்கே வரி ஆண்டு ஏப்ரல் 6-ல் தொடங்கி அடுத்த ஏப்ரல் 5-ல் முடியும். கணக்குத் தாக்கல் செய்யக் கடைசி நாள் அதற்கடுத்த ஜனவரி 31. இந்த வருடம் தொழில் தொடங்கியவர் வீட்டைப் பற்றி யோசிக்கவே இரண்டு ஏப்ரலாவது கடக்க வேண்டும்.

இங்கேதான் இழுபறி. வரி குறைய வேண்டுமானால் செலவைக் கூட்டிக் காட்ட வேண்டும். கடன் கூட வேண்டுமானால் லாபம் தெரிய வேண்டும். மொழிபெயர்ப்போ டிசைனோ செய்து ஆண்டுக்கு 60,000 பவுண்டு வாங்கும் ஒருவர், சட்டப்படி கழிக்கக்கூடிய செலவு என்று 22,000 காட்டினால் லாபம் 38,000. வங்கிகள் பெரும்பாலும் ஆண்டு வருமானத்தைப் போல் நாலரை மடங்கு வரைதான் போகும். 1,71,000 பவுண்டு தேறும். செலவு 12,000 மட்டும் என்றால் 2,16,000. லேப்டாப்பும் பயணமும் வீட்டு ஆபீஸ் வாடகையுமாகச் சேமித்த வரி, கடனில் 45,000 பவுண்டைத் தின்றுவிடுகிறது. அன்றைக்கு ‘எவ்வளவு குறைக்கலாம்’ என்று தொடங்கிய அக்கவுண்டண்ட், இன்றைக்கு ‘இரண்டு வருடத்துக்குள் வீடு வாங்குகிற எண்ணம் உண்டா’ என்று கேட்டுவிட்டுத்தான் பேனாவை எடுக்கிறார்.

டெபாசிட்டும் முன்னைப்போல் இல்லை. ஈஸ்ட் ஹாமிலும் ஹாரோவிலும் ஈழத்தமிழ்க் குடும்பங்கள் சீட்டுப் பிடித்து முன்பணம் சேர்த்ததுண்டு. இன்று சொலிசிட்டர், பணம் எங்கிருந்து வந்தது என்று மாதக்கணக்கில் வங்கி அறிக்கை கேட்பார். சீட்டுக்கு நோட்டுப் புத்தகம் இருக்கும், ரசீது இருக்காது. ஊரில் அப்பா நிலத்தை விற்று அனுப்பினாலும் கிரயப் பத்திரத்தின் நகலும், இது கடனல்ல, பரிசு என்ற கடிதமும் வேண்டும். இந்தியாவில் வசிக்கும் ஒருவர் ஒரு நிதியாண்டில் வெளிநாட்டுக்கு அனுப்ப 2,50,000 டாலர் என்ற வரம்பும் உண்டு.

கடன் இறுகியதற்கு நியாயம் இருந்தது. விசா இறுகிய விதம் வேறு. எச்எஸ்எம்பியில் வந்தவர்களுக்கே 2006 நவம்பரில் ஆட்ட விதியை மாற்றிப் புது மதிப்பெண் கேட்டது உள்துறை. 2008 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் அது முறையல்ல என்றது. அதற்குள் திட்டமே டியர் 1 ஜெனரல் என்று வேறு பேரெடுத்துவிட்டது. அதில் விசாவை நீட்டிக்கவும் வருமானத்துக்கு மதிப்பெண் உண்டு: கடந்த 15 மாதத்துக்குள் தொடர்ச்சியான 12 மாத வருமானம். 2010 டிசம்பரில் வெளிநாட்டிலிருந்து விண்ணப்பிப்பவர்களுக்கும், 2011 ஏப்ரலில் உள்ளே இருந்து புதிதாக விண்ணப்பிப்பவர்களுக்கும் அந்த வழியை மூடினார்கள். ஏற்கெனவே அந்த விசாவில் உள்ளவர்கள் நிரந்தரமாக வசிக்கும் உரிமையான ஐஎல்ஆர் கேட்க 2018 ஏப்ரல் வரை அவகாசம்.

அந்தக் கடைசி வரிசையில்தான் பலருக்குத் தலையில் இடி விழுந்தது. உள்துறை, அவர்கள் விசாவுக்குக் காட்டிய வருமானத்தையும் அதே ஆண்டு வரித்துறைக்குக் காட்டியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தது. ஒன்று பெரிது, மற்றது சிறிது. சிலர் வேண்டுமென்றே இரண்டு கணக்கு வைத்திருந்தார்கள். அதை மறைப்பதில் பயனில்லை. சிலர் அக்கவுண்டண்ட் செய்த பிழையைத் தெரியாமல் சுமந்தவர்கள். சிலருக்கு இரண்டு துறையும் வெவ்வேறு 12 மாதத்தைக் கேட்டதால் வந்த வித்தியாசம். பிந்திய வரியைக் கட்டிக் கணக்கைத் திருத்தியவர்களும் தப்பவில்லை. நடத்தை சரியில்லாதவரையும் நாட்டின் பாதுகாப்புக்கு ஆபத்தானவரையும் விலக்கி வைக்க இருந்த 322(5) என்ற பிரிவைக் காட்டி மறுத்தார்கள். மறுப்பு நிலைத்துவிட்டால் வேலை செய்யும் உரிமை போகும், வாடகைக்கு வீடு எடுக்கும் உரிமையும் போகும். ஏழெட்டு வருடம் வரி கட்டி, பிள்ளைகளை அங்கே பள்ளியில் சேர்த்தவர்கள் இவர்கள்.

2019 ஏப்ரலில் பாலாஜிகாரி வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் தலையிட்டது. தொகை வேறுபட்டால் சந்தேகப்படலாம். ஆனால் நேர்மையற்றவர் என்று முடிவுகட்டும் முன் அவரிடம் விளக்கம் கேட்க வேண்டும் என்றது. கேட்டாலே பாதிப்பேருக்கு விடை கிடைத்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. எப்படியோ, உள்துறை, வரித்துறை, வங்கி என்ற மூன்று மேசைக்கும் ஒரே எண் போக வேண்டும் என்பது அதற்குள் எல்லோருக்கும் புரிந்துவிட்டது. வங்கிகள் சந்தேகமான வருமானத்தை வரித்துறையிடம் ஒத்துப்பார்க்க 2011 முதலே ஏற்பாடு இருக்கிறது. 2026 ஏப்ரல் முதல் 50,000 பவுண்டுக்கு மேல் வரவுள்ள சுயதொழில்காரர்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை மென்பொருள் வழியே கணக்கு அனுப்ப வேண்டும்.

ஐஆர்35-ம் கைமாறியது. அரசு வேலைகளுக்கு 2017-லும், தனியாரிடம் 2021 ஏப்ரலிலும் அது பொருந்துமா என்ற முடிவு வேலை கொடுப்பவரிடம் போனது. சிறிய கம்பெனிகளுக்கு மட்டும் விலக்கு.

இப்போது பிரிட்டன் போகும் தமிழருக்குப் பெரிய வாசல் ஸ்கில்டு வொர்க்கர் விசா. ஸ்பான்சர் செய்த கம்பெனியின் வேலையே முதன்மை. நிபந்தனைகளோடு வாரம் 20 மணி நேரக் கூடுதல் வேலை உண்டு, அவ்வளவுதான். மாணவர் விசாவில் சுயதொழில் கூடவே கூடாது. படித்து முடித்தவருக்கு 2021 ஜூலையில் வந்த கிராஜுவேட் விசாவில் தாராளமாகச் செய்யலாம். ஆனால் இளநிலை, முதுநிலைப் படிப்புக்கு அது இரண்டு வருடம். வங்கி கேட்கும் இரண்டு வருடக் கணக்கு கைக்கு வரும்போது விசா முடிந்திருக்கும். அதையும் 18 மாதமாக்கப்போவதாக 2025 மே வெள்ளை அறிக்கையில் அரசு சொன்னது. குளோபல் டேலன்ட் விசா சுதந்திரமானது. அதற்குத் துறையில் பேர் எடுத்திருக்க வேண்டும்.

தாராளமாக மிஞ்சியிருக்கும் இன்னோர் இடம் யாரும் எதிர்பார்க்காதது: டிபென்டன்ட் விசா. ஸ்கில்டு வொர்க்கரின் கணவனோ மனைவியோ சுயதொழில் செய்யத் தடையில்லை. 2005-ல் குடும்பத்தில் ஃப்ரீலான்சர் என்றால் மதிப்பெண் வாங்கி வந்தவர்; இன்று பெரும்பாலும் கூட வந்தவர். ஹவுன்ஸ்லோவில் கணவர் கம்பெனியில் இருக்க, சமையலறை மேசையில் கணக்கெழுதியோ கோடு எழுதியோ சம்பாதிக்கும் பெண்ணின் லாபத்தையும் வங்கி வீட்டுக்கடனில் சேர்த்துக்கொள்ளும், இரண்டு வருட எஸ்ஏ302 இருந்தால். விசாக்காரர் என்பதால் சில வங்கிகள் 25 சதவீத டெபாசிட் கேட்கும். ஆனால் கணவர் வேலை போனால் வேறு ஸ்பான்சரைத் தேட அவருக்குக் கிடைப்பது சாதாரணமாக 60 நாள். அவர் விசா சுருங்கினால் அவளுடையதும் சுருங்கும், அவளுக்கு எத்தனை வாடிக்கையாளர் இருந்தாலும். கடன் ஒப்பந்தமோ 25, 30 வருடத்துக்கு. ஐஎல்ஆருக்கு இருந்த ஐந்து வருடத்தைப் பத்தாக்கும் யோசனையும் அதே வெள்ளை அறிக்கையில் இருக்கிறது. அதனால் நன்றாக நடக்கிற தொழிலை விட்டுவிட்டு நீயும் ஒரு ஸ்பான்சரைத் தேடு, வீட்டில் இரண்டு விசா தனித்தனியாக இருக்கட்டும் என்று அவளுக்கு யோசனை சொல்கிறவர்களைக் குறை சொல்ல முடியவில்லை.