தாம்போதியில் நீர் ஓடும் நாளில்

மாரி மழை கொட்டினால் "இன்று பாடசாலை உண்டா?" என்றுதான் கேட்கிறோம். வீட்டுக்கும் பாடசாலைக்கும் இடையிலுள்ள வீதி எப்படியிருக்கிறது என்பதை முதலில் கேட்க வேண்டும்.

கிழக்கில் பல ஊர்களுக்கிடையே வயல்வெளியும், அதன் நடுவே வெள்ளம் கடந்து செல்லும் தாம்போதியும் இருக்கின்றன. வேகமாக ஓடும் நீர் 15 சென்ரிமீற்றர் உயரமிருந்தாலே ஆளைச் சரித்துவிடும். நீரின் வேகம் இருமடங்கானால் அதன் தள்ளுவிசை நான்கு மடங்காகும். மழை விட்டுவிட்டதே என்றும் நம்ப முடியாது. மேலே குளத்தின் வான்கதவுகளைத் திறந்தால், இங்கே வெயில் எறிக்கும்போதே நீர் ஏறும்.

2024 நவம்பர் 26இல் காரைதீவு–மாவடிப்பள்ளி வீதியில் உழவு இயந்திரம் ஒன்று வெள்ளத்தில் அள்ளுண்டது. அதில் வீடு திரும்பிக்கொண்டிருந்த மத்ரஸா மாணவர்கள் பலர் ஜனாஸாக்களாகவே மீட்கப்பட்டனர். காலையில் பாடசாலையைத் திறந்துவிட்டு, மழை வலுத்ததும் நண்பகலில் பிள்ளைகளை வீதிக்கு அனுப்புவதுதான் என் பார்வையில் மிக ஆபத்தான முடிவு. விடுமுறையென்றால் முந்திய மாலையே அறிவிக்க வேண்டும். சந்தேகமிருந்தால் இரண்டு மணி நேரம் பிந்தித் திறக்கலாம். வெளிச்சத்தில் வீதியைப் பார்த்துவிடலாம். பிள்ளைகள் வந்துவிட்டார்களா? கட்டடம் பாதுகாப்பானதென்றால் நீர் வடியும்வரை மாடி வகுப்பிலேயே இருக்கட்டும்.

பாடம் பிந்துமே என்று உம்மாமார் கவலைப்படுவது நியாயந்தான். ஆனால் அதே வெள்ளத்தில் உயர்தரப் பரீட்சையே இடைநிறுத்தப்பட்டு, டிசம்பர் 4இல்தான் மீண்டும் தொடங்கியது.

எந்தத் தாம்போதியைக் கடந்து எத்தனை பிள்ளைகள் வருகிறார்கள் என்ற பட்டியலை, மாரி தொடங்குமுன்பே ஒவ்வொரு வகுப்பாசிரியரும் எழுதி அதிபரிடம் கொடுத்துவிடலாம்.