தொடை நடுக்கம்

"தொடை நடுங்கி" என்று ஒருவனைச் சொல்லிவிட்டால் அதற்கு மேல் வசைச்சொல் நம் நாட்டில் வேண்டியதில்லை. ஆனால் வாழ்நாளில் ஒரு முறையேனும் அந்தப் பட்டத்துக்கு உரியவராகாதவர் யார்? உத்தியோகத்துக்காக மூன்று அதிகாரிகளின் எதிரே நாற்காலி நுனியில் உட்கார்ந்திருக்கும் வாலிபன், முதல் கச்சேரிக்குச் சுருதி கூட்டிக்கொண்டிருக்கும் பாடகி, எதிர்பாராமல் மாலையைப் போட்டு "இப்போது ஐயா அவர்கள் இரண்டொரு வார்த்தை பேசுவார்கள்" என்று எழுப்பிவிடப்பட்ட பிரமுகர் ஆகிய எல்லோருடைய உள்ளங்கையையும் தொட்டுப் பார்த்தால் ஒரே குளிர்ச்சிதான். திருவள்ளுவர் அமைச்சனுக்கு வேண்டிய தகுதிகளைச் சொல்லி வரும்போது 'அவையஞ்சாமை' என்று ஓர் அதிகாரத்தையே இதற்காக ஒதுக்கிவிட்டார். போர்க்களத்தில் உயிரை விடத் துணிவோரைக் காட்டிலும், சபையில் அஞ்சாமல் நிற்பவரைக் காண்பதே அரிது என்பது அவருடைய அபிப்பிராயம்.

ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் ஆகிய பகுதிகளிலிருந்து வரும் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் நமக்கு, இந்த நடுக்கம் ஆண்டுதோறும் மாசி மாதத்தில் தரிசனம் தருகிறது. ஒற்றியூரில் தியாகராஜ சுவாமிக்குப் பிரம்மோற்சவம் நடக்கும் காலமும், பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத் தேர்வு நெருங்கும் காலமும் அநேகமாக ஒன்றாகவே வந்து சேரும். துறைமுகத்தில் சுமை ஏற்றும் தகப்பனாரும், காசிமேட்டில் மீன் கூடை எடுக்கும் தாயாரும் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுப் பள்ளிக்கு வந்து நிற்பார்கள். "பிள்ளைக்கு எல்லாம் தெரியுது சார். பரீட்சைன்னா மட்டும் கை உதறுது. நீங்க நாலு வார்த்தை தைரியம் சொல்லுங்க" என்பார்கள். அந்தக் குடும்பத்தில் பன்னிரண்டாம் வகுப்பை எட்டிய முதல் பிள்ளை அதுவாக இருக்கும். ஆகவே அந்த மூன்று மணி நேரத்தின் மீது ஏற்றி வைத்திருக்கும் பாரம் கொஞ்சமல்ல.

நாலு வார்த்தை சொன்னால் தைரியம் வந்துவிடுமா? வராது என்பதற்கு இந்திய சரித்திரத்திலேயே ஒரு பெரிய சாட்சி உண்டு. அவர் காந்தி மகாத்மா.

காந்திஜி தமது சுயசரிதையில் இந்தச் சமாசாரத்தைச் சிறிதும் மறைக்கவில்லை. சீமையில் படித்த காலத்தில், சைவ உணவுக்காரர்களின் கூட்டம் ஒன்றுக்காக ஒரு முழுத் தாளுக்கு மேல் போகாத சிறு பிரசங்கத்தை எழுதி எடுத்துக்கொண்டு போனார். எழுந்து நின்றதும் கண் இருண்டது, உடல் நடுங்கிற்று. உடன் வந்த நண்பர்தாம் அதை வாங்கிப் படிக்க வேண்டியதாயிற்று. பாரிஸ்டராகித் திரும்பிய பிறகு, பம்பாய்ச் சிறு வழக்குக் கோர்ட்டில் மமீபாய் என்ற அம்மாளுக்காக ஆஜரானார். அவ்வழக்கில் அவருக்குப் பீஸ் 30 ரூபாய். குறுக்கு விசாரணைக்கு எழுந்தவருக்குத் தலை சுற்றியது. கோர்ட்டே சுற்றுவதுபோல் தோன்றியது. கேட்க ஒரு கேள்வியும் அகப்படவில்லை. உட்கார்ந்துவிட்டு, பணத்தைத் திருப்பித் தருவதாகவும் வேறு வக்கீலை வைத்துக்கொள்ளும்படியும் சொல்லிவிட்டார். 51 ரூபாய்க்குப் பட்டேல் என்ற வக்கீல் அமர்த்தப்பட்டார். மனிதர் தென்னாப்பிரிக்காவுக்குப் போகும்வரை மறுபடி அந்தக் கோர்ட்டுப் பக்கமே தலை காட்டவில்லை.

இவை பலருக்கும் தெரிந்த கதைகள். நாம் சொல்ல வந்தது அதற்குப் பின் நடந்ததை. 1896-ஆம் ஆண்டு, தென்னாப்பிரிக்க இந்தியரின் குறைகளை எடுத்துச் சொல்வதற்காகத் தாய்நாட்டுக்கு வந்த காந்திஜி, செப்டம்பர் 26-ஆம் தேதி பம்பாயில் ஸர் கவாஸ்ஜி ஜஹாங்கீர் மண்டபத்தில் பேசினார். பம்பாயின் சிங்கம் என்று பெயர் பெற்ற ஸர் பெரோஸ்ஷா மேத்தா பக்கத்திலேயே இருந்தார். பிரசங்கத்தை முன்கூட்டியே எழுதி அச்சடித்துவிட வேண்டும் என்று ஏற்பாடு செய்தவரும் அவர்தாம். படிக்கத் தொடங்கியதும் காந்திஜிக்கு உடல் நடுங்கியது, குரல் எழும்பவில்லை. "உரக்க, இன்னும் உரக்க" என்று மேத்தா ஊக்கப்படுத்திக்கொண்டே இருந்தார். அந்த ஊக்கத்தினால் தம் குரல் மேலும் மேலும் தாழ்ந்தது என்று காந்திஜியே எழுதியிருக்கிறார்! கடைசியில் காகிதம் கேசவராவ் தேஷ்பாண்டே கைக்குப் போயிற்று. சபையோர் அவரையும் விடாமல் "வாச்சா, வாச்சா" என்று கூச்சலிடவே, தின்ஷா வாச்சா எழுந்து படித்து முடித்தார். மேத்தாவைவிடப் பெரிய மனிதர் யார் வந்து தைரியம் சொல்லப் போகிறார்கள்? உபாத்தியாயர்களும் பெற்றோர்களும் இந்த இடத்தைச் சற்று நிறுத்திப் படிப்பது நல்லது.

சரியாக ஒரு மாதம் கழிந்தது. அக்டோபர் 26-ஆம் தேதி, சென்னைப் பச்சையப்பன் மண்டபத்தில் மகாஜன சபையின் ஆதரவில் கூட்டம் நடந்தது. கிரேக்கக் கோயிலின் சாயலில் எழுப்பிய அந்தக் கட்டிடம் ஜார்ஜ் டவுனில் இன்றும் இருக்கிறது. ராயபுரத்திலிருந்து பொடிநடையாகப் போய்ப் பார்த்து வரலாம். பேசியவர் அதே காந்திஜி. கையில் இருந்தது அதேபோல் அச்சிட்ட பிரசங்கம். அவர் வழக்கத்துக்கு நீளமானதுங்கூட. ஆனால் சபையோர் ஒரு வார்த்தை விடாமல் கேட்டார்கள். சபையே உற்சாக வெறி கொண்டது. கூட்டம் கலையும்போது அவருடைய 'பச்சைப் புத்தக'த்துக்கு அப்படி ஒரு போட்டி. அதைக் கண்டு அவர் 10,000 பிரதிகள் மறுபதிப்புப் போட்டுவிட்டு, பிற்பாடு அத்தனை வேண்டியிருக்கவில்லை என்று தாமே எழுதினார். சென்னைவாசிகளின் உற்சாகத்தை நம்பிப் புத்தகம் அச்சடித்தவர்களில் அவர் முதல்வருமல்லர், கடைசியானவருமல்லர்.

முப்பது நாளில் என்ன மாறியது? சென்னையின் உற்சாகத்துக்குக் காரணம் பாலசுந்தரம் என்று காந்திஜி சொல்கிறார். நேட்டாலில் ஒரு வெள்ளைக்கார எஜமானனிடம் ஒப்பந்தக் கூலியாக இருந்த தமிழன் பாலசுந்தரம். கிழிந்த உடையோடு, முன்பற்கள் இரண்டு உடைந்து, வாயில் ரத்தம் வழிய, தலைப்பாகையைக் கையில் வைத்துக்கொண்டு, நடுங்கியும் அழுதும் காந்திஜியின் முன் வந்து நின்றவன் அவன். தலைப்பாகையைக் கட்டிக்கொள்ளச் சொல்லி, வேறு எஜமானனிடம் அவனை மாற்றிக் கொடுத்தார் காந்திஜி. 1860-இல் நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிய முதற் கப்பலான 'ட்ரூரோ' புறப்பட்டது இதே சென்னைக் கரையிலிருந்துதான். அப்போது இங்கே துறைமுகங்கூடக் கட்டியிருக்கவில்லை. கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் உள்ள மண்டபத்தில், அக்கரைக்குப் போன தம் ஜனங்களின் கதி என்ன என்று கேட்க வந்த கூட்டம், மேடையில் நிற்பவரின் குரல் வளத்துக்கா மதிப்பெண் போடும்?

பேசினவருக்கும் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும் என்பது நம் ஊகம். நடுக்கம் என்பது பெரும்பாலும் "நாம் எப்படித் தோன்றுகிறோம்?" என்ற கேள்வியிலிருந்து பிறப்பது. சொல்ல வேண்டிய விஷயம் தன்னைவிடப் பெரிதாகிவிட்டால் அந்தக் கேள்விக்கு இடம் குறைந்துபோகிறது. நடுக்கம் அடியோடு போய்விடுவதில்லை. தென்னாப்பிரிக்காவில் கூச்சம் குறைந்ததே தவிர முற்றும் நீங்கவில்லை என்றும், முன்னேற்பாடின்றிப் பேச முடிந்ததில்லை என்றும் காந்திஜியே ஒப்புக்கொள்கிறார். நடுக்கத்தோடேயே அவர் வேலையைச் செய்தார்.

எண்ணூர்க் குப்பத்துப் பெண் ஒருத்தி நம் வகுப்பில் இருந்தாள். பேச்சுப் போட்டியில் 'மரம் வளர்ப்போம்' என்ற தலைப்பு கொடுத்தபோது, "அவையோர்களே" என்பதோடு நின்று, தரையைப் பார்த்து, இறங்கிப் போய்விட்டாள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு எண்ணூர் முகத்துவாரத்தில் பரவியது நேயர்களுக்கு நினைவிருக்கும். படகுகளும் வலைகளும் தார் பூசினாற்போல் ஆயின. மீனவர்களே வாளியும் கையுமாக எண்ணெயை அள்ளினார்கள். அடுத்த மாதம் பள்ளிக் கூட்டமொன்றில் அவளைப் பேசச் சொன்னோம். எழுதிய தாளைப் பார்த்துத்தான் படித்தாள். தாள் நடுங்கிய சத்தம் ஒலிபெருக்கியில் கேட்டது. ஆனால் அப்பாவின் வலையை மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்த கதைக்கு வந்ததும் தாளை மடித்துவிட்டாள். மிச்சத்தைப் பார்க்காமலே சொன்னாள். பின்வரிசைப் பையன்கள்கூடப் பேச்சை நிறுத்திக் கேட்டார்கள்.

"பரீட்சைக்கு ஏது பாலசுந்தரம், ஏது எண்ணெய்?" என்று நேயர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. கணக்குப் பரீட்சையில் மனத்தை உருக்கும் விஷயம் எதுவும் இல்லைதான். அங்கே வேறு உபாயங்கள் வேண்டும். முதலில் உடம்பைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

அமெரிக்க உடற்கூற்று அறிஞர் வால்ட்டர் கேனன் பூனைக்கு ஆகாரம் கொடுத்து, அதன் இரைப்பை அசைவதை எக்ஸ்ரே வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். பூனை மிரண்டாலோ சினந்தாலோ அசைவு சட்டென்று நின்றுவிடுவதைக் கண்டார். 1915-இல் அவர் வெளியிட்ட நூல் இதன் தாத்பரியத்தை விளக்கிற்று. ஆபத்து என்று மனம் நினைத்தவுடன் சிறுநீரகத்தின் மேலுள்ள சுரப்பிகள் அட்ரினலினை ரத்தத்தில் விடுகின்றன. இருதயம் வேகமாக அடிக்கிறது; ரத்தம் வயிற்றையும் தோலையும் விட்டுத் தசைகளுக்கு ஓடுகிறது. அதனால்தான் கை சில்லிடுகிறது, வாய் உலர்கிறது, வயிறு கலங்குகிறது. சண்டை போடவோ ஓடவோ உடம்பு தயாராகிறது என்று பொருள். பாவம், எதிரே இருப்பது வினாத்தாள்! இதை அறியாத நம் தாய்மார்கள் பரீட்சைக் காலையில் "இன்னும் ஒண்ணு போட்டுக்கோ" என்று ஆறாவது இட்லியைத் தட்டில் வைக்கிறார்கள். கேனனின் பூனையை நினைத்து இரண்டு இட்லியோடு விட்டுவிடலாம். மூச்சை மெதுவாக, இழுப்பதைவிட விடுவதை நீட்டமாகச் செய்தால் இருதயத் துடிப்பு சற்றுத் தணியும். இது நம் பாட்டனார்கள் அறிந்ததே.

படபடப்பை அடக்கு என்று மனத்துக்குக் கட்டளையிடுவது அவ்வளவாகப் பலிப்பதில்லை. ஹார்வர்டு சர்வகலாசாலையைச் சேர்ந்த ஆலிசன் வுட் புரூக்ஸ் என்ற பெண்மணி 2014-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், பிரசங்கத்துக்கு முன் "நான் அமைதியாக இருக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டவர்களைவிட "எனக்கு உற்சாகமாயிருக்கிறது" என்று சொல்லிக்கொண்டவர்கள் நன்றாகப் பேசினார்கள். தேர் வடம் பிடிக்கும் முன் நெஞ்சு அடித்துக்கொள்வதும் பரீட்சைக்கு முன் அடித்துக்கொள்வதும் உடம்புக்கு ஏறக்குறைய ஒன்றே. பெயர் வைப்பது நாம்தான். இன்னொரு சோதனை, ஜெரார்டோ ராமிரெஸ், சியான் பீலாக் இருவரும் சிக்காகோவில் செய்து 2011-இல் 'ஸயன்ஸ்' பத்திரிகையில் வெளியிட்டது. தேர்வுக்குச் சற்று முன் பத்து நிமிஷம் தங்கள் பயங்களையெல்லாம் காகிதத்தில் கொட்டிய மாணவர்களில், மிகவும் பயந்த சுபாவமுள்ளவர்கள் முன்னைவிட நன்றாக எழுதினார்கள். இதை நம் வகுப்பில் செய்து பார்க்கிறோம். எழுதியதை யாரும் படிக்க மாட்டார்கள் என்று வாக்குக் கொடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் பிள்ளைகள் அதையும் கட்டுரைப் போட்டியாக்கி அழகான கையெழுத்தில் எழுதுவார்கள்.

பழக்கத்தைப் பற்றி மட்டும் வடசென்னைக்கு யாரும் வெளியிலிருந்து வந்து போதிக்க வேண்டியதில்லை. இங்கே தெருமுனைக் கழகங்களில் கேரம் பலகையின் மேல் பத்துத் தலைகள் கவிழ்ந்திருக்க, பக்கத்தில் லாரி ஹாரன் அலற, "விட்டுட்டான் பார்" என்று ஒருவன் கேலி செய்ய, பையன் ஸ்டிரைக்கரைச் சுண்டுவான். 1991-இலும் 1995-இலும் உலகச் சாம்பியனான மரிய இருதயம் சென்னைக்காரர். புதுவண்ணாரப்பேட்டைச் செரியன் நகரில் ஓர் ஆட்டோ ஓட்டுநரின் மகளான காசிமா 2024 நவம்பரில் அமெரிக்காவில் மூன்று தங்கப் பதக்கங்கள் வென்றாள். இப்படிச் சந்தடியிலே பழகிய கைக்கு உலகப் போட்டியின் சபை புதிதாயிராது. பாடத்துக்கு மட்டும் நாம் வேறு விதி வைத்திருக்கிறோம். நடுநிசியில் கதவைச் சாத்திக்கொண்டு தனியே படித்தவனை, ஒரு நாள் காலையில் முன்பின் தெரியாத பள்ளியில், முன்பின் தெரியாத கண்காணிப்பாளர் எதிரில் உட்கார வைத்து எழுதச் சொல்கிறோம். மாதிரித் தேர்வுக்காவது வேறு அறை, வேறு உபாத்தியாயர், கடிகாரம், தனித்தனி மேசை என்று ஏற்பாடு செய்தால் பாதி நடுக்கத்தை அங்கேயே செலவழித்துவிடலாம்.

பிறகு, அரசாங்கமே கொடுத்திருக்கும் சலுகை ஒன்று உண்டு. பொதுத் தேர்வில் எழுதத் தொடங்குமுன் வினாத்தாளைப் படிக்கப் பத்து நிமிஷம் தருகிறார்கள். எத்தனையோ பிள்ளைகள் அந்தப் பத்து நிமிஷத்தில் தெரியாத கேள்வியையே திரும்பத் திரும்பப் பார்த்துக் கலங்குகிறார்கள். எண்ணூர்க் கடற்கரையில் படகு தள்ளுகிறவர்களைக் கவனித்தால், அவர்கள் தங்கள் கால் நடுங்குகிறதா என்று பார்ப்பதில்லை. அலையைப் பார்க்கிறார்கள், இரண்டு பெரிய அலைக்கு நடுவே வரும் இடைவெளிக்குக் காத்திருந்து தள்ளுகிறார்கள். வினாத்தாளிலும் அப்படி நன்றாகத் தெரிந்த ஒரு கேள்வியைத் தேடிப் பிடித்து அதை முதலில் எழுதச் சொல்கிறோம். முதல் விடையின் நாலாவது வரியில் கை நின்றுவிடுவதை வருஷா வருஷம் பார்க்கிறோம்.

பெற்றோருக்கு ஒரு விண்ணப்பம். பரீட்சைக் காலையில் பள்ளி வாசலில் நின்று "பயப்படாதே, பயப்படாதே" என்று வாயிற்கதவு மூடும்வரை சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம். அந்தக் காரியத்தை ஸர் பெரோஸ்ஷா மேத்தாவே செய்து பார்த்தாயிற்று. போன வருஷம் காசிமேட்டுக் கிழவி ஒருத்தி பேரனை அழைத்து வந்தாள். "ஹால் டிக்கெட் இருக்குதா? ரெண்டு பேனா வெச்சிருக்கியா? தண்ணி?" என்று மூன்று கேள்வி கேட்டாள். "மத்தியானம் வந்துடு, வஞ்சிரம் வாங்கி வெக்கிறேன்" என்றாள். பதிலுக்குக் காத்திராமல் ஏலம் முடிந்துவிடுமே என்று கூடையை எடுத்துக்கொண்டு நடந்தாள்.