காற்றுக்கும் ஒரு வழி விடுங்கள்

வட மாகாணத்தின் ஒரே போதனா வைத்தியசாலை யாழ்ப்பாண நகரின் நடுவே இருக்கிறது. 1850இல் சிறிய தரும வைத்தியசாலையாகத் தொடங்கிய அதைச் சுற்றி இன்று கடைகளும் வீதிகளும் நெருக்குகின்றன. இனி அது வளர வேண்டுமென்றால் மேல்நோக்கித்தான் வளர வேண்டும். மாடிகள் எழும்போது காற்றையும் மரத்தையும் வெளியே தள்ளிவிடக் கூடாது. இரண்டும் சிகிச்சையின் பங்காளிகள்.

ரோஜர் உல்ரிச் 1984இல் வெளியிட்ட அமெரிக்க ஆய்வொன்று பித்தப்பைச் சத்திரசிகிச்சை பெற்ற 46 பேரை ஒப்பிட்டது. யன்னல் வழியே மரங்களைக் கண்ட 23 பேர், செங்கற்சுவரை மட்டும் கண்ட 23 பேரைவிடச் சராசரியாக முக்கால் நாள் முன்னதாக வீடு திரும்பினர். கடுமையான வலிநிவாரணிகளும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டன.

பெரு நாட்டின் லீமா வைத்தியசாலைகளில் நடந்த ஆய்வு 2007இல் வெளியானது. யன்னல், கதவுகளைத் திறந்த அறைகளில் காற்று மணிக்கு 28 தடவை மாறியது. இயந்திரக் காற்றோட்ட அறைகளுக்கான அளவு 12தான். உயர்ந்த கூரையும் அகன்ற யன்னல்களும் கொண்ட பழைய கட்டடங்களே இதில் முந்தி நின்றன. காற்று மாற மாற, காசநோய் தொற்றும் ஆபத்துக் குறைகிறது.

ஆனால் சத்திரசிகிச்சைக்கூடத்துக்கும் அதிதீவிர சிகிச்சைப் பிரிவுக்கும் வடிகட்டிய, கட்டுப்படுத்திய காற்றே வேண்டும். ஆகவே அவற்றை ஒரு தொகுதியாக மூடி அமைத்து, பொது விடுதிகளைத் திறந்து வைக்கலாம். நடு ஆண்டில் தென்மேற்கிலிருந்து சோளகம், மாரியில் வடகிழக்கிலிருந்து வாடை: குடாநாட்டின் காற்று திசை மாறி வீசுவது. ஒடுங்கிய விடுதிகளை அதற்குக் குறுக்கே நிறுத்தி, நாற்சார் வீட்டைப் போல இடையில் முற்றம் விட்டால் இரு பருவத்திலும் காற்று ஊடறுத்துச் செல்லும். டெங்குக்கு அஞ்சி நுளம்புவலை அடித்தால் காற்றின் வேகம் குறையும். அதனால் யன்னல்கள் இன்னும் அகலமாக வேண்டும். உயர்ந்த கட்டடத்திலும் இது முடியும். சிங்கப்பூரில் 2010இல் திறக்கப்பட்ட கூ டெக் புவாட் வைத்தியசாலையின் வெளிச்சுவர்த் தகடுகள் காற்றை விடுதிகளுக்குள் திருப்பிவிடுகின்றன.

நிலத்தடியையும் மறக்கக் கூடாது. யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல் கழிவைத் தடுக்காது. ஊறும் அழுக்கு கிணறுகளைச் சேரும். கழிவுநீரை முறையாகச் சுத்திகரித்து முற்றத்து மரங்களுக்குப் பாய்ச்சினால் கிணறும் தப்பும், தோட்டமும் தழைக்கும்.

வேம்பும் பூவரசும் நிழல் தரச் சில ஆண்டுகள் எடுக்கும். அத்திவாரம் வெட்டும் நாளிலேயே கன்றுகளையும் நட்டுவிடுங்கள். அதற்கான செலவைக் கட்டட மதிப்பீட்டிலேயே எழுதிவிடுங்கள்.