அரண்மனையே இல்லாத 'அரண்மனைக்காரன் தெரு'!
பாரிமுனை சந்துகளில் ஒரு சுற்று

சென்னை,-

கல்யாணப் பத்திரிகை அடிக்கணும் என்றால் படப்பைக்காரர்களும் ஆண்டர்சன் தெருவுக்குத்தான் வருகிறார்கள். தாம்பரம் வரை பஸ். அங்கிருந்து பீச் ஸ்டேஷனுக்கு மின்சார ரெயில். வேலை முடிந்ததும் அடுத்த ரெயிலைப் பிடித்து ஓடிவிடுகிறார்கள்.

ஒரு மணி நேரம் நடந்தால் 300 வருஷத்தைப் பார்த்துவிடலாம். அதன் விவரம் வருமாறு:-

தப்பித்த தூண்

பாரிமுனையில் 'டேர் ஹவுஸ்' கட்டிடம். அதன் ஓரத்தில் ஒரு கல்தூண் நிற்கிறது. தினமும் ஆயிரக்கணக்கான பேர் கடந்து போகிறார்கள். திரும்பிப் பார்ப்பவர் யார்?

1746-ல் பிரெஞ்சுக்காரர்கள் கோட்டையைப் பிடித்தார்கள். 1758-ல் மறுபடி முற்றுகை. கோட்டையை ஒட்டிய வீடுகள் எதிரிக்கு மறைவிடமாகப் போயின. அதனால் கோட்டை ஓரத்தில் இருந்த பழைய 'கறுப்பர் நகரம்' தரைமட்டம் ஆனது. "இதைத் தாண்டி வீடு கட்டாதே" என்று 1773-ல் 6 எல்லைத் தூண்கள் நட்டார்கள். மிஞ்சியது இந்த ஒன்றுதான். காலி செய்த இடத்தில்தான் 1892-ல் ஐகோர்ட்டு எழும்பியது.

தூணுக்கு வடக்கே வளர்ந்த ஊருக்கு 'ஜார்ஜ் டவுன்' என்ற பெயர் 1906-ல் வந்தது. பிற்பாடு 5-ம் ஜார்ஜ் மன்னரான இளவரசர் அப்போது சென்னை வந்திருந்தார்.

பெயர் குழப்பம்

ஆர்மீனிய வியாபாரிகள் வாழ்ந்த ஆர்மீனியன் தெருவை ஜனங்கள் 'அரண்மனைக்காரன் தெரு' ஆக்கிவிட்டார்கள். அரண்மனையும் இல்லை, ராஜாவும் இல்லை!

இங்குள்ள ஆர்மீனிய மாதா கோவில் 1772-ல் கட்டியது. உள்ளே நுழைந்தால் தெருச் சத்தம் சட்டென்று அடங்குகிறது. காலடியில் வரிசையாகக் கல்லறைகள். உலகத்தின் முதல் ஆர்மீனிய மொழிப் பத்திரிகை 1794-ல் வெளிவந்தது நம்ம சென்னையில்தான். அதை நடத்திய பாதிரியார் ஷ்மாவோனியன் இங்கேதான் அடக்கம்.

அடுத்து தம்புச் செட்டித் தெரு காளிகாம்பாள் கோவில். 1677-ல் மராட்டிய வீரர் சிவாஜி வந்து கும்பிட்டதாகக் கோவிலில் சொல்கிறார்கள்.

மேலே பாருங்கள்

சந்துகளில் கடை போர்டுக்கு மேலே தலையை நிமிர்த்தணும். மரத்தூண், கம்பி வேலைப்பாடு, உள்ளே முற்றம். கூரை 'மெட்ராஸ் டெர்ரஸ்'. மர உத்திரத்தின் மேல் சின்னச் செங்கல்லைச் செங்குத்தாக அடுக்கி, சுண்ணாம்புக் கலவை போட்டு இறுக்குவார்கள். வெயிலுக்குக் குளுகுளு. ஆனால் மழைநீர் இறங்கி உத்திரம் உளுத்தால் ஆபத்து. ரிப்பேருக்குக் கொத்தனார் கிடைப்பது குதிரைக்கொம்பு. இடித்து குடோன் கட்டினால் வாடகை வருகிறது. வீட்டுக்காரர் எதைச் செய்வார்?

அன்னிபெசன்ட் முழங்கிய கோகலே மண்டபமும் இதே ஆர்மீனியன் தெருதான். அதற்கே கடப்பாரை விழுந்தது. விவகாரம் கோர்ட்டுக்குப் போன பிறகே இடிப்பு நின்றது. பழமையான கட்டிடங்களைக் காக்க 2012-ல் சட்டம் போட்டார்கள். கமிஷன் அமைக்க மட்டும் 12 வருஷம் ஆயிற்று!

பார்க்க நினைப்பவர்கள் ஞாயிறு காலை வருவது நல்லது. அன்று தள்ளுவண்டி, லாரி தொல்லை குறைவு. மேலே பார்த்து நடக்கும்போது காலடியில் பள்ளம் உண்டு, ஜாக்கிரதை.